கடைசி முனையில் ஒரு காசு

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை என்னுடையது இல்லை. சீசனில் ஐந்தருவியில் குளித்துவிட்டுத் தலை துவட்டும்போது காதில் விழுந்தது. யாரோ ஒரு பெண், "கடைசி முனையில காசு வச்சுப் பாத்தியாலே?" என்றாள். திரும்பினேன். சாரல்தான் இருந்தது. ஆளில்லை.

மீதியை நான்தான் கட்டவேண்டியிருக்கிறது.

2

முதல் ஆரம்பம்: 'மலையை வெட்டிக்கொண்டு இறங்கியது மின்னல். பெலிக்ஸ் அலறினா—'

வேண்டாம். வாரப் பத்திரிகைப் புத்தி. மூன்றாம் வரிக்குள் யாராவது அலறியாகவேண்டும்.

இன்னொன்று: தென்காசியில் பெலிக்ஸின் மாடியறை. சுவரோரமாக ஜன்னல்வரை ஓடும் பொம்மைத் தண்டவாளம். உள்ளங்கை நீளத்துக்கு ஓர் இன்ஜின். அதன் வயிற்றில் நகமளவு சிப். ஒருமுறை ஊதிவிட்டு அது பெலிக்ஸின் குரலில் பேசும்: "ஜெஸி, என்னயக் கெட்டிக்கிடுதியா?"

[நேரில் கேட்டால் என்ன? கேட்கமாட்டான். அவளைக் கண்டாலே பேச்சை வேறெங்காவது திருப்பிவிடுவான். எத்தனை தாள் கிழித்தும் அவனைப் பேசவைக்க என்னால் முடியவில்லை.]

நாளை ஞாயிறு. கடையத்திலிருந்து ஜெஸியைப் பெண் பார்க்க வருகிறார்கள்.

3

ஜெஸி, பெலிக்ஸோடு பாலிடெக்னிக்கில் படித்தவள். முதலில் அவளை வெறும் அழகியாக எழுதினேன். நகரவேயில்லை. ஓர் இன்வெர்ட்டர் கடை வைத்துக்கொடுத்தேன். உயிர் வந்துவிட்டது. ரயில் காட்டுகிறேன் என்று அவன் கூப்பிட்டு அறைக்குள் நுழைந்தவள் ரயிலைப் பார்க்கவில்லை, ஒயரைப் பார்த்தாள்.

"ரெண்டு தண்டவாளத்துக்கும் குறுக்க காசு வச்சுப் பாத்தியா? வச்சதும் சப்ளை கட் ஆவணும்."

"ஆச்சுட்டி. பட்டுனு ஆச்சு."

"எங்கன வச்ச?"

"இங்கனதான். எம்பக்கத்துல."

"கடைசி முனையில?"

பெலிக்ஸ் ஜன்னலோர முனையைத் திரும்பிப் பார்த்தான்.

"ஒயரு நூலு கணக்கா இருக்கு, அந்த முனையில ஷார்ட் ஆனா கட் பண்ணுத அளவுக்குக் கரண்டு இழுக்காது. அங்கன போயி வண்டி தடம் புரண்டா சப்ளை நிக்காது. சிப்பு கருகிரும். நீ இருக்க எடத்துக்கு மட்டும் காவல் போட்டிருக்கியோ?"

அவன் முகம் வெளுத்தது.

"ஏம்லே இப்படிப் பதறுத? அதுக்குள்ள என்னதான் வச்சிருக்க?"

"ஒரு... ஒரு வார்த்த."

(* அடிக்குறிப்பு மாதிரி ஒன்று: கடைசி முனையில்தான் அவளுக்கு நாற்காலி போட்டிருந்தான். ஜன்னலோரம்.)

4

எனக்கு இரண்டு முடிவுகள் கைவசம் இருந்தன. சிப் கருகி, ரயில் வெறும் புகையோடு அவளிடம் வந்து சேர்கிறது. அல்லது, மின்னலை மறுபடி கூப்பிட்டு—

அதற்குள் ஜெஸி முந்திக்கொண்டாள். பர்ஸிலிருந்து ஒரு காசை எடுத்துக்கொண்டு கடைசி முனைக்குப் போனாள்.

"மொதல்ல இன்ஜினத் தூக்கு. அது நிக்கையில காசு வைக்கக் கூடாது."

தூக்கினான். "எங்கன வைக்க?"

"எங்கனயும் வைக்காத. கையோட இங்கன கொண்டா. அது சொல்ல வந்தத நீயே சொல்லு."

5

நடக்கிறான். அறை நீண்டுகொண்டே போகிறது, நான் நீட்டவில்லை. ஜன்னல் வழியே வந்த சாரல் அட்டை மலைகளின் மேல் இறங்குகிறது. யாரும் தொடாமலே சின்னச் சிக்னல்கள் ஒவ்வொன்றாகப் பச்சைக்கு மாறுகின்றன. இன்ஜின் அவன் உள்ளங்கையில் வெதுவெதுப்பாக இருக்கிறது. காசு இன்னும் அவள் விரல் நுனியில்.

வந்துவிட்டான். வாயைத் திறந்துவிட்டான்.

இனி நான் ஒரு சொல் எழுதினாலும் அது என் குரலாகிவிடும். பேனாவை மூடுகிறேன். ஜன்னல் பக்கம், அவளுக்கு அருகில் நீங்கள்தான் இருக்கிறீர்கள். உங்களுக்குக் கேட்கும்.