பழைய குறுக்குச்சட்டம்

…மூன்றில் ஒன்று, அவ்வளவுதான், பன்னிரண்டு மணிக்குள் உதிரிப்பாகக் கடைக்கார ரெட்டோவுக்குச் சொல்லிவிட வேண்டும், சனிக்கிழமை பன்னிரண்டுக்குக் கடையைப் பூட்டினானென்றால் திங்கள்வரை தொலைபேசியை எடுக்கமாட்டான், திங்கள் சொன்னால் பிந்திவிடும், வெள்ளி வாகனப் பரிசோதனை, அதற்கு அடுத்த வாரம் மதுஜாவின் கலியாணம். இப்போது பத்தே முக்கால். எஸ்கோர்ட் இரண்டு தாங்கிகளில் மூக்கை உயர்த்திக்கொண்டு நிற்கிறது, ஐம்பது வயது கடந்த பந்தயக் கார், எஞ்சினைச் சங்கிலியில் தொங்கவிட்டிருக்கிறேன், அதன் கீழிருந்த குறுக்குச்சட்டத்தைக் காலையில் கழற்றி மேசையில் போட்டாயிற்று. எஞ்சின், ஸ்டியரிங், முன்சில்லுகளின் கைகள், எல்லாவற்றையும் ஒன்றாகப் பிடித்து வைத்திருப்பது இந்த ஒற்றைச் சட்டம்தான், இது விட்டால் கார் என்று ஒன்றில்லை, தனித்தனிச் சாமான்கள்தான். நடுவில் ஒரு விரல் நீளத்துக்கு வெடிப்பு, சுற்றிவரத் துருவேறிய கறள். உருக்கி ஒட்டி ஒப்பேற்றலாமா? சுவிஸின் கூர் நகரக் கராஜ்களில் முப்பத்தொரு வருடம் வேலை செய்தவன் நான், ஒட்டுப்போட்ட சட்டத்தின்மேல் எங்கள் வீட்டுப் பெண்பிள்ளையை ஏற்றுவேனா? மாட்டேன். புதிதுதான். ரெட்டோவிடம் இருக்கும் மூன்றில் எது என்பதுதான் கேள்வி.

முதலாவது குழாய்களால் செய்தது, இறகு மாதிரிப் பாரமில்லை, படத்தில் பளபளக்கிறது, ஆனால் பரிசோதனைக்குக் காட்டப் பத்திரம் இல்லை, அதைப் பூட்டினால் காரின் பத்திரத்தில் இருக்கும் ‘வெற்றரன்’ என்ற சொல்லை வெட்டிவிடுவார்கள், பழைமை மாறாத வாகனம் என்று நான் பாடுபட்டு எடுத்த சொல், அது போனால் கார் இருந்தென்ன. வேண்டாம். இரண்டாவது பழையதைப் பார்த்து அச்சடித்த புதுத் தகடு, பத்திரமும் உண்டு, ஆனால் எஞ்சின் அமரும் துளைகள் ஒரு மில்லிமீற்றர் விலகியிருக்குமாம், ரெட்டோவே ஒத்துக்கொள்கிறான், அரத்தால் அராவி அராவித்தான் பொருத்த வேண்டும், இரண்டு நாள் வேலை, என் வலது தோள் அதற்குச் சம்மதிக்குமோ தெரியாது. மூன்றாவது… மூன்றாவதைப் பற்றிச் சொல்லும்போதே ரெட்டோவின் குரல் மாறுகிறது. அந்தக் காலத்து அசல் சட்டம், விளிம்பெல்லாம் முழுதாக ஒட்டி, அடியில் கனத் தகடு வைத்து வலுவாக்கியது, பார்வைக்குப் பழையதேதான், துளையும் பிசகாது, நான்கு மணிநேரத்தில் பூட்டிவிடலாம். ஒரேயொரு நிபந்தனை, பழையதைத் திருப்பிக் கொடுக்க வேண்டும், அதை வெட்டித் திருத்தி இன்னொருவருக்குக் கொடுப்பான், இப்படி மாற்றுக்கு மாற்றாகத்தான் அவன் வியாபாரம். கொடுத்தால் போகிறது. கறள் பிடித்த இரும்பை வைத்துக்கொண்டு நான் என்ன பூசையா செய்யப்போகிறேன்? மூன்றாவதுதான். முடிவு. முடிவெடுத்தபின் மாற்றுகிற பழக்கம் எங்கள் வீட்டில் யாருக்கும் இல்லை, சொன்ன சொல்லைத் திருப்பி எடுக்காத குடும்பம் என்று இங்கேயும் பெயர், அங்கே ஊரிலும் பெயர்.

என் இரண்டு மகள்மாரும் இந்தக் காரில்தான் மண்டபத்துக்கு வந்து இறங்கினார்கள், மதுஜா தம்பியின் ஒரே மகள், அவளும் இதில்தான் வருவாள், வரவேண்டும். தகப்பனும் பெரியப்பனும் முகம்பார்க்காவிட்டாலும் பிள்ளை ஃப்ரிபூர்க்கிலிருந்து தானாகத் தொலைபேசி எடுத்துக் கேட்டாளே, “பெரியப்பா, கார் வருமோ வராதோ? அப்பா கேக்கச் சொல்லேல்லை, நான்தான் கேக்கிறன். பஸ்ஸிலை வந்து இறங்கினாலும் எனக்குக் கலியாணம் நடக்கும், உங்களுக்குத்தான் வெக்கம்.” என்ன வாய்! சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை, “வரும் பிள்ளை” என்று மட்டும் சொன்னேன். தம்பி வரதராசா பக்கத்தில் இருந்திருப்பானோ? யாரோ இருமினது போலக் கேட்டது… ஆறு வருடமாக அந்த இருமலைக்கூட நான் கேட்கவில்லை. போன முறைப் பரிசோதனையில் பரிசோதகர் சுத்தியலால் இந்தச் சட்டத்தைத் தட்டிப் பார்த்துக் கறள் என்று எழுதினார், வெற்றரன் கார் ஒன்றுக்கு! தம்பி அதற்கு முந்திய இரண்டு குளிர்காலம் வேலைக்கென்று காரை இரவல் வாங்கிப்போய், பனி உருக உப்புப் போட்ட மலைவீதிகளில் ஓட்டியிருந்தான், வேறு யார் காரணம்? கோயில் அன்னதானத்தில், சாப்பாட்டுக்கு வரிசையில் நின்ற நாற்பது பேருக்கு முன்னால் கேட்டேன், “உப்புக்குள்ளை ஓட்டி என்ரை காரைத் தின்னுபோட்டாய், இப்ப சோறும் தின்ன வந்திட்டியோ?” கடைசி வார்த்தை கொஞ்சம் கூடத்தான். அவன் தட்டைக் கையில் வைத்துக்கொண்டே, “ஒவ்வொரு நாளும் அடி கழுவித்தான் விட்டனான் அண்ணை. நம்பாட்டி விடுங்கோ” என்றான், பருப்புக்கூட விடாத சோற்றுத் தட்டை அப்படியே மேசையில் வைத்துவிட்டுப் போனான். கழுவினானாம்… யார் கண்டது.

அழுக்கோடு கொடுத்தால் ரெட்டோ சிரிப்பான், வெள்ளைக்காரர் எதையும் துடைத்துத்தான் கொடுப்பார்கள், நாங்கள் மட்டும் குறைந்தவர்களா, சட்டத்தைப் புரட்டிப்போட்டு அடிப்பக்கத்தைச் சுரண்டத் தொடங்கினேன். நான் பூசிய கறுப்புப் பூச்சு, போன முறை கறளைத் தேய்த்துவிட்டுப் பூசினது, சுருள் சுருளாக வந்தது, நடுவில் இன்னொரு படை, அதையும் சுரண்டினால்… பச்சை. இதென்ன பச்சை? விரலால் தேய்த்தேன், கோடுகள், எழுத்துகள், இரண்டு திருகாணிகள்… ஐயோ, தகடு. கார்ப் பூசைக்கு ஐயர் தந்த செப்புத் தகடு, விபத்து வராமல் வண்டியின் முன்பக்கத்தில் வைக்கச் சொன்னது, இருபத்தேழு வருடமிருக்கும். ஸ்டியரிங்குக்கு முன்னால் வைத்தால் கராஜில் வெள்ளைக்காரர் என்னவென்று கேட்பார்கள், சிரிப்பார்கள், தலைமை மெக்கானிக் ஆகப்போகிற காலம் அது, ஆகவே ஒருவர் கண்ணிலும் படாமல் அடியில் சட்டத்தைத் துளைத்துப் பூட்டினேன். மனைவி புனிதவதி வாசலில் நின்று, “சாமி தகட்டைச் சேத்துக்குள்ளை பூட்டுறியளே, ஐயர் கேட்டா என்னத்தைச் சொல்லுறது?” என்றாள். “முன்னுக்குப் பூட்டச் சொன்னவர், முன்னுக்குத்தான் பூட்டியிருக்கிறன்” என்றேன், என் கெட்டித்தனத்தில் எனக்கே பெருமை. இரும்பில் செம்பை முட்டவைத்து இடையில் உப்புத் தண்ணீர் நின்றால் செம்பு இருக்கும், இரும்பு போகும், வேலை பழக வந்தவர்களுக்கு முதல் வருடத்திலேயே நான் சொல்லிக்கொடுத்த பாடம். வெடிப்பு எங்கே தொடங்குகிறது? விளிம்பிலா? இல்லை, நான் போட்ட இடது துளையிலிருந்து, கோடு இழுத்தாற்போல. சட்டத்தின் மற்றப் பக்கங்கள்? கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தேன், விளக்கைக் கிட்டப் பிடித்துப் பார்த்தேன், மூலைகளில் கறுப்பைச் சுரண்டினால் கீழே பழைய நிறம்கூடப் போகவில்லை. கழுவித்தான் இருக்கிறான். ஒவ்வொரு நாளும் கழுவித்தான் இருக்கிறான்.

பதினொன்று நாற்பது. இரண்டு திருகாணியைக் கழற்றித் தகட்டைச் சட்டைப்பையில் போட்டுவிட்டுச் சட்டத்தை ரெட்டோவிடம் கொடுத்தால் முடிந்தது, திங்கள் அவன் வெட்டிவிடுவான், கார் ஓடும், மதுஜா வந்து இறங்குவாள், அண்ணன் பெருந்தன்மையாகக் காரை அனுப்பினார் என்று சனம் சொல்லும், உப்பில் ஓட்டியவன் தம்பிதான் என்பது அப்படியே இருக்கும், யாருக்கும் தெரியாது, கெடுதல் யாருக்கு? கை திருகாணிச் சாவிவரை போனது, பொய்யில்லை, போனது. பிறகு எடுத்துவிட்டேன். சொல்லைத் திருப்பி எடுக்காதது குடும்ப மானம் என்றால், பிழையான சொல்லைக் காப்பாற்றுவதும் மானமா? அவனும் அதே குடும்பம்தானே, சோற்றுத் தட்டை வைத்துவிட்டுப் போனவனுடைய மானம் எந்தக் குடும்பத்தினுடையது?

ரெட்டோவை அழைத்தேன். இரண்டாவதை எடுத்து வையுங்கள், பூட்டுவதற்குள் வந்து எடுக்கிறேன் என்றேன். அவன் வழக்கமான மரியாதையோடு, ஹெர் பாலச்சந்திரன், துளை விலகியிருக்கும் என்று சொன்னேனே, மூன்றாவதல்லவா நல்லது, கறள் இரும்பை வைத்துக்கொண்டு என்ன செய்யப்போகிறீர்கள் என்று கேட்டான். தம்பிக்குக் காட்ட வேண்டும் என்றேன். உங்களுக்குத் தம்பி இருக்கிறாரா என்றான், பத்து வருடமாக என்னைத் தெரிந்தவன். இருக்கிறான் என்றேன். இரண்டு நாள் அராவுவேன், தோள் வலித்தால் வலிக்கட்டும், வெள்ளிக்கிழமை பரிசோதனையில் தேறும், தேறவைப்பேன். கலியாணத்தன்று மண்டப வாசலில் பிள்ளையை இறக்கிவிட்டு, பின்பெட்டியைத் திறந்து, இந்தச் சட்டத்தைத் தகட்டோடு எடுத்து வைப்பேன், தனியாகக் கூப்பிட்டல்ல, நாற்பது பேருக்கு முன்னால் சொன்னதை நாலு சுவருக்குள் திருப்பி எடுக்கக்கூடாது, எல்லோரும் பார்க்கச் சொல்வேன், “தம்பி, பிழை என்னிலைதான், இண்டைக்கு…” இல்லை, அன்றைக்கு இன்றைக்கு என்று சொல்லமுடியாது, “பரிசோதனைக்கு முந்தின சனிக்கிழமைதான் கண்டனான், அதுவரைக்கும் எனக்குத் தெரியாது.”

பழைய போர்வையில் சுற்றுவதற்காகச் சட்டத்தைத் தூக்கினேன், பாரம், காலையில் இவ்வளவு பாரம் தெரியவில்லை. சுரண்டிய கறுப்புச் சுருள்கள் மேசையெல்லாம் கிடந்தன, துடைப்பத்தால் ஒதுக்கும்போது ஒன்று கையில் வந்தது, தகட்டின் மேலிருந்து வந்த துண்டு, மற்றவற்றைவிடத் தடிப்பு, உடைத்துப் பார்த்தேன், இரண்டு படை. மூலைகளிலிருந்து வந்ததை எடுத்தேன், ஒரு படை. இந்தப் பக்கம், அந்தப் பக்கம், எங்கும் ஒரு படைதான். தகட்டின்மேல் மட்டும் ஒன்று காய்ந்தபின் இன்னொன்று, தூரிகையின் மயிர்க்கோடுகூட அப்படியே இருக்கிறது, என் கையின் கோடு, இடமிருந்து வலம். ஆறு வருடத்துக்கு முன் இதே மேசையில்தான், அன்னதானம் முடிந்த அடுத்த கிழமை… கறளைத் தேய்த்தேன், அது ஞாபகம் இருக்கிறது, தகட்டைக் கண்டேனா? கண்டிருந்தால் மறந்திருப்பேனா? தேவையில்லாத இடத்தில் இரண்டாம் தடவை பூசுகிறவன் அல்ல நான். கண்டுதான் மறைத்திருக்கிறேன்.