தலைமையாசிரியர் இணைந்துள்ளார்

சித்தேரி மலைப்பாதையில் மண் சரிந்து பஸ் நின்றுபோனதும், மலைப் பிள்ளைகள் பாப்பிரெட்டிப்பட்டிப் பள்ளிக்கு இறங்கி வர வழியில்லாமல் போயிற்று. பத்தாம் வகுப்புக்கு அரையாண்டுத் தேர்வு நெருங்கிக்கொண்டிருந்தது. அதனால் அந்தப் பிள்ளைகளுக்குக் கணக்கு டீச்சர் நஸீமா ஆன்லைனில் பாடம் நடத்துவது என்று முடிவாயிற்று. முடிவெடுத்தவர் தலைமையாசிரியர் ராஜப்பன். 'இணையவழிக் கற்பித்தலில் பயனுள்ள உத்திகள்' என்ற பயிற்சியில் முழுநாள் உட்கார்ந்து, அதில் மதியச் சாப்பாடு வரை கவனித்தும் வந்தவர்.

"மொத உத்தி என்னான்னா டீச்சர், நிர்வாகம் கூடவே இருக்குதுன்னு பிள்ளைங்களுக்குத் தெரியணும். எல்லா கிளாசுலயும் நான் இருப்பேன்."

"ரெண்டாவது என்னங்க சார்?"

"மொதல்ல மொதலாவதைப் பண்ணுவோம்."

மலையில் எட்டுப் பிள்ளைகளுக்கு ஒரே போன். அது ரேவதியின் அப்பா கரியனுடையது. ஊருக்கு மேலே இருந்த பாறையில் மட்டும் சிக்னல் கிடைத்தது. அங்கே போனை ஒரு கல்லில் சாய்த்துவைத்துச் சுற்றி உட்கார்ந்தார்கள்.

நஸீமாவுக்குக் கவலையெல்லாம் ரேவதியைப் பற்றித்தான். காலாண்டில் கணக்கில் மட்டும் தவறியவள். வகுப்புக்குப் போனைத் தரச் சொல்லிக் கேட்டபோது கரியன் ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிட்டார்.

"இந்த வாட்டியும் கணக்குல போச்சுன்னா நான் என்னாங்க டீச்சர் பண்றது? அவ மாமன் திருப்பூர்ல பனியன் கம்பெனில எடம் சொல்லி வச்சிருக்கான். தையல் மெஷினுக்கு எக்ஸ் எல்லாம் தெரிய வேணாமாம்."

பள்ளி விட்டதும் நஸீமாவின் வீட்டிலிருந்து வகுப்பு தொடங்கும். நஸீமா ஒரு கணக்கைப் பாதி போடுவாள். 'டிங்' என்று மணியடிக்கும். திரையில் 'ராஜப்பன் இணைந்துள்ளார்' என்று வரும். மலையில் எட்டுப் பேரும் எழுந்து நின்று, "வணக்கம் ஐயா" என்று ராகம் போடுவார்கள். தலைமையாசிரியர் வந்தால் எழ வேண்டும், அவர் சொல்லாமல் உட்காரக்கூடாது. அது பள்ளியின் வழக்கம். போன் தரையில் இருந்ததால் நஸீமாவுக்குத் தெரிவது முழங்கால்கள் மட்டும். ராஜப்பன் பெருந்தன்மையோடு "உட்காருங்க" என்பார். மைக்கை அணைத்துவைத்துக்கொண்டு சொல்வார். முழங்கால்கள் நின்றுகொண்டேயிருக்கும்.

அதோடு போனாலாவது பரவாயில்லை. அதியமான்கோட்டையில் அவர் வீட்டு உள்ளறையில் சிக்னல் நிற்காது. போய்விடுவார். பிள்ளைகள் உட்கார்ந்து பேனாவை எடுக்கும்போது வாசலுக்கு வந்து மறுபடி இணைவார், பின்னணியில் லாரிச் சத்தத்தோடு. மறுபடியும் வணக்கம், மறுபடியும் முழங்கால். ஒரு வாரத்தில் பிள்ளைகளுக்குத் தொடை பலம் கூடியது. இருபடிச் சமன்பாடு இருந்த இடத்திலேயே இருந்தது.

"ஐயா வந்தா எந்திரிக்க வேணாம்ப்பா," என்று நஸீமா கெஞ்சிப் பார்த்தாள்.

"ரோடு சரியாயி ஸ்கூலுக்கு வந்ததும் நாள் பூரா நிக்க வச்சுருவாருங்க மிஸ்," என்றான் சந்திரன். அவனிடம் அனுபவம் இருந்தது.

ராஜப்பனிடமே பேசினாள். "சார், நீங்க வந்து வந்து போறதுல பிள்ளைங்க..."

"நானும் பாத்தேன் டீச்சர். மலை மேல இருந்தும் மரியாதை குறையல. அடுத்த பயிற்சியில இதைத்தான் சொல்லப் போறேன்."

அன்றைய வகுப்பு முடிந்ததும் அடுத்த அறையிலிருந்து அவள் கணவன் சுபியான் எட்டிப் பார்த்தான். "என்ன, கணக்கு முடிஞ்சுதா?"

"வணக்கம் முடிஞ்சுது."

தேர்வுக்கு முந்தைய கடைசி வகுப்பு வந்தது. எக்ஸ் ஸ்கொயர் மைனஸ் எக்ஸ் மைனஸ் ஆறு. பெருக்கினால் கடைசி எண்ணும் கூட்டினால் நடு எண்ணும் வருகிற இரண்டு எண்களைக் கண்டுபிடிக்க வேண்டும். ரேவதி போட்டதைக் கேமரா முன் தூக்கிக் காட்டினாள். காலாண்டில் செய்த அதே தப்பு. ப்ளஸ் மூன்று, மைனஸ் இரண்டு. தப்பு என்று நஸீமா பலமுறை சொல்லியாயிற்று. ஏன் அப்படிப் போடுகிறாள் என்று கேட்க மட்டும் வாய்க்கவில்லை.

"ரேவதி, மைனஸை எதுக்கு ரெண்டுக்குப் போட்ட?"

"அது வந்துங்க மிஸ்..."

டிங். நோட்டு கீழே போயிற்று. வணக்கம் ஐயா. எட்டு ஜோடி முழங்கால்.

நஸீமா வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து ராஜப்பன் சொல்லாமல் அவர் முன்னால் நாற்காலியில் உட்கார்ந்ததில்லை. அவள் விரல் அவர் பெயருக்குப் பக்கத்திலிருந்த மூன்று புள்ளியைத் தொட்டது. 'ராஜப்பனை நீக்கவா?' என்று போன் கொஞ்சமும் மரியாதை இல்லாமல் கேட்டது. ஆம் என்றாள்.

"ஐயா போயிட்டாரு. உக்காருங்க. நீ சொல்லு ரேவதி."

முழங்கால்கள் மடங்கின. ரேவதியின் முகம் திரைக்கு வந்தது.

"கழிக்கறதுன்னா சின்னதைத்தானுங்களே மிஸ் கழிப்போம்? பெருசுலேர்ந்து. அதான் சின்னதுக்குப் போட்டேன்."

நஸீமா கையிலிருந்த மார்க்கரை மூடினாள். ஆறு மாதமாக இவள் தலையில் இருந்த கணக்கு இது.

"சரி. மூணையும் மைனஸ் ரெண்டையும் கூட்டு."

"ஒன்னுங்க மிஸ்."

"கணக்குல நடுவுல என்னா இருக்கு?"

"மைனஸ் ஒன்னு." பேச்சு நின்றது. சிக்னல் போய்விட்டதோ என்று நஸீமா திரையை உற்றுப் பார்த்தாள். சிக்னல் இருந்தது. "அப்ப... பெருசுக்குத்தாங்க மைனஸ் வரணும்."

"எக்ஸ் ஸ்கொயர் மைனஸ் ரெண்டு எக்ஸ் மைனஸ் பதினஞ்சு. போடு."

ரேவதி நோட்டைத் தூக்கவில்லை. வாயாலேயே சொன்னாள். "மைனஸ் அஞ்சு, ப்ளஸ் மூணு."

திரையின் மேல் ஓரத்தில் எழுத்து வந்தது. 'ராஜப்பன் சேர அனுமதி கேட்கிறார்.' நஸீமா அதைப் படித்தாள். அடியில் இருந்த பொத்தான்களையும் படித்தாள்.

சுபியான் தன் போனை நீட்டியபடி உள்ளே வந்தான். "உங்க ஹெட்மாஸ்டரு."

"இங்க சிக்னல் இல்லைன்னு சொல்லுங்க."

"என் போன்லதான் பேசிக்கிட்டு இருக்காரு."

"அப்படின்னா காத்திருக்கச் சொல்லுங்க," என்ற நஸீமா திரைப் பக்கம் திரும்பினாள். "ரேவதி, இன்னொன்னு. எக்ஸ் ஸ்கொயர் மைனஸ் நாலு எக்ஸ் மைனஸ் இருபத்தொன்னு."

மலையில் எல்லாரும் உட்கார்ந்திருந்தார்கள். ரேவதி குனிந்து எழுதிக்கொண்டிருந்தாள்.