காவலுக்கு வைத்த பூட்ஸ்

மிச்சிகன் ஏரிக்கரை நகரம் ஒன்றின் வீட்டுவசதி வாரியத்தில் லியோனார்ட் ஸீமர் அரசாங்க வக்கீலாக இருந்தார். முழு வாடகை கொடுக்க முடியாத குடும்பங்களுக்கு வாரியம் ஓர் உதவிச் சீட்டு வழங்கும். சீட்டு உள்ளவரை வாடகையின் பெரும்பகுதியை அரசாங்கமே வீட்டுக்காரருக்குச் செலுத்திவிடும். ஆனால் சீட்டில் பெயர் உள்ளவர்கள் மட்டுமே அந்த வீட்டில் குடியிருக்கலாம். பெயரில்லாத ஆள் ஒருவர் தங்குவது தெரிந்தால் விசாரணை நடக்கும்; சீட்டும் போகும். அந்த விசாரணைகளில் வாரியத்தின் பக்கம் நின்று வாதாடுவது ஸீமரின் வேலை. சீட்டைப் பறிப்பது என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. காத்திருப்பவருக்கு இடம் செய்து கொடுப்பது என்றே சொல்வார். அதில் பொய்யும் இல்லை. சீட்டுக்காகக் காத்திருந்தவர்களின் வரிசை அத்தனை நீளம்.

ஓர்லீன் பிக்கெட்டின் வழக்கு அவருக்கு ஒரு வழக்காகவே தோன்றவில்லை. மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் வேலை பார்க்கும், அறுபதைத் தாண்டிய கறுப்பினப் பெண்மணி அவர். ஒரு பழைய வீட்டின் மாடியில் தனியாகக் குடியிருப்பதாகச் சீட்டு சொன்னது. வழக்கமான சோதனைக்குப் போன ஆய்வாளரோ, மாடி வாசலில் பெரிய அளவு ஆண் பூட்ஸ் ஒரு ஜோடியையும், அதில் ஈரம் உலராத சேற்றையும் பார்த்துவிட்டு வந்திருந்தார்.

விசாரணை நாளில் ஓர்லீன் அந்த பூட்ஸையே ஒரு மளிகைக்கடைப் பையில் போட்டுக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார். தன் நியாயத்துக்கு அதுவே சாட்சி என்று அவர் நம்பியிருந்தார்.

"இது என் தம்பி எர்லோடதுங்க. அவன் தோல் பதனிடுற ஆலையில வேலை பாத்தவன். செத்துப் போயிட்டான். தனியா இருக்கறவ நான். உள்ளே ஒரு ஆம்பள இருக்கான்னு நெனச்சு எவனும் வரக்கூடாதுன்னு வாசல்ல வெச்சிருக்கேன்."

ஸீமர் ஒரு பூட்ஸை எடுத்துத் திருப்பி அடிப்பாகத்தைப் பார்த்தார்.

"செத்துப்போனவர் பூட்ஸ்ல ஈரச்சேறு எப்படி வந்துச்சு, மிஸ் பிக்கெட்?"

"நான்தான் ஒட்ட வெச்சேன்."

"நீங்களா?"

"ஆமா சார். மழை பெஞ்சா அதைப் போட்டுக்கிட்டு பின்பக்கம் போயி ரெண்டு மிதி மிதிச்சுட்டு வந்து வெப்பேன். ஊரே நனஞ்சு கெடக்கறப்ப பூட்ஸ் மட்டும் காஞ்சு கெடந்தா எந்தத் திருடன் நம்புவான்?"

"அப்ப பனிக்காலத்துல?"

"பனியைத் தட்டி வெப்பேன்."

ஸீமர் விசாரணை அதிகாரியை ஒருமுறை பார்த்துவிட்டு மறுபடி ஓர்லீன் பக்கம் திரும்பினார். வெற்றி கைக்கு வந்துவிட்ட வேளையில் நாக்கு கொஞ்சம் தாராளமாகிவிடும் குணம் அவருக்கு இருந்தது.

"தினம் சேறு பூசறீங்க, பனி தட்டறீங்க. சாப்பாடு மட்டுந்தான் போடலையா இந்த பூட்ஸுக்கு?"

அதிகாரி வாய்விட்டுச் சிரித்தார். ஆய்வாளர் சிரித்தார். வாசலில் நின்ற காவலாளிகூடச் சிரித்தார். ஓர்லீன் எல்லா முகங்களையும் ஒருமுறை பார்த்துவிட்டுத் தம் கைகளைப் பார்த்துக்கொண்டார். பிறகு கேட்ட கேள்விகளுக்கெல்லாம் "ஆமாங்க", "இல்லைங்க" என்பதற்குமேல் அவர் ஒன்றும் பேசவில்லை.

சீட்டு ரத்தாயிற்று. சாட்சிப்பொருள் என்பதால் பூட்ஸ் வாரியத்து அலமாரிக்குப் போனது.

குளிர்காலம் போய் வசந்தம் வந்தது. ஸீமரின் அக்கா ஹைடி, கணவரோடு விவாகரத்தாகி, நகரத்தின் மேற்கு ஓரத்தில் ஒரு சிறிய வீட்டுக்குத் தனியாகக் குடிவந்தாள். வந்த சில வாரங்களிலேயே யாரோ பின்கதவை நெம்பிப் பார்த்த தடம் தெரிந்தது. தம்பிக்கு மனசு கேட்கவில்லை. பூட்டை மாற்றினார், விளக்குப் போட்டார், தம் பழைய பூட்ஸ் ஒரு ஜோடியைக் கொண்டுவந்து பின்கதவருகே வைத்தார். வைக்கும்போது அவருக்கு எதுவும் நினைவுக்கு வரவில்லை என்பதை, பிற்பாடு அவரே நம்ப முடியாமல் பலமுறை எண்ணிப் பார்த்ததுண்டு.

அடுத்த ஞாயிறன்று நல்ல மழை. காப்பி குடிக்கப் போனவரை ஹைடி பின்கதவுக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

"டேய் லென்னி, சட்டம் படிச்ச மூளையை எங்கடா அடகு வெச்ச? வெள்ளிக்கிழமையிலிருந்து மழை கொட்டுது. உன் பூட்ஸைப் பாரு, அடுப்பிலிருந்து எடுத்த ரொட்டி மாதிரி இருக்கு. இதைப் போட்டவன் பறந்தா வந்தான்?"

சொல்லிக்கொண்டே தன் சிறிய பாதங்களை அந்தப் பெரிய பூட்ஸுக்குள் விட்டுக்கொண்டு, தக்காளி நடுவதற்காகக் கொத்திப்போட்ட பாத்தியில் இறங்கித் தொப்புத் தொப்பென்று நடந்தாள். திரும்பி வந்து, சேறு வழிய வழிய, ஒன்று சற்றுச் சாய்ந்திருக்கும்படி கழற்றி வைத்தாள்.

"இப்ப பாரு. ஆள் இப்பத்தான் உள்ளே போயிருக்கான்."

ஸீமரின் கையிலிருந்த கோப்பை ஆறிப்போயிருந்தது.

"அக்கா, இதை உனக்கு யாரு சொல்லிக் குடுத்தா?"

"இதுக்கு ஒரு வாத்தியார் வேணுமாக்கும்! தனியா இருந்து பாரு, தானா வரும்."

மறுநாள் காலை அவர் வாரியத்தின் இயக்குநர் மிஸஸ் டாலின் அறையில் போய் நின்றார். வழக்கைத் திரும்ப எடுக்க வேண்டும் என்றார். காரணத்தையும் மறைக்காமல் சொன்னார். டால் அம்மையார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"லியோனார்ட், அந்தச் சீட்டு இப்ப ஒரு பொண்ணுகிட்ட இருக்கு. கைக்குழந்தையோட காருக்குள்ள படுத்துக் கெடந்த பொண்ணு. அவகிட்டேருந்து பிடுங்கச் சொல்றீங்களா?"

"இல்லை."

"புதுசாக் குடுக்கப் பணம் இல்ல. வரிசையில கடைசியில வேணா பேரைச் சேக்கலாம். அதுக்கும் அந்தம்மா திரும்ப வந்து விசாரணையில சொல்லணும். நீங்க சட்டப்படி தப்பா ஒண்ணும் செய்யலையே."

அதுதான் தம்மைச் சுடுகிறது என்று அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. சட்டப்படி ஒரு தப்பும் நடக்கவில்லை. நடந்ததெல்லாம் தம் சாமர்த்தியமும் அந்தச் சிரிப்பும்தான். அலமாரியைத் திறந்து பூட்ஸை எடுத்துக்கொண்டு அவர் கிளம்பினார்.

பழைய வீட்டின் சொந்தக்காரர், ஓர்லீன் இப்போது எர்லின் மகளோடு இருப்பதாகச் சொல்லி இடத்தையும் காட்டினார். செங்கல் குடியிருப்பு ஒன்றின் நிலவறை வீடு அது. படியிறங்கிப் போய்த் தட்டியதும் ஓர்லீனே கதவைத் திறந்தார். அவருக்குப் பின்னால், துணி காயப்போட்ட கயிற்றின் கீழே ஒரு மடக்குக் கட்டில் தெரிந்தது.

"வக்கீல் சாரா? வாங்க. தலையைப் பாத்து வாங்க, உத்தரம் இடிக்கும்."

ஸீமர் பையை நீட்டினார். ஓர்லீன் உள்ளே எட்டிப் பார்த்தார்.

"அடடே, எர்ல் வந்துட்டான். சாப்பாடு போட்டீங்களா இவனுக்கு?"

ஸீமர் தலைகுனிந்தார். "நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது, மிஸ் பிக்கெட். நீங்க சொன்னது உண்மைதான்னு எனக்கு இப்பத் தெரியும். வழக்கைத் திரும்ப எடுக்க நானே எழுதறேன். நீங்க ஒருதரம் வந்து சொன்னாப் போதும்."

"என்னத்தச் சொல்ல? சொன்னேனே. எல்லாரும் சிரிச்சீங்க." அவர் குரலில் சூடில்லை. உட்காரும்படி ஒரு முக்காலியைத் தள்ளிவிட்டு, துணிகளை மடித்தபடியே பேசினார். "மிசிசிப்பியில எங்கப்பா ஒரு கதை சொல்லுவாரு. ஒரு குடியானவன் சோளக்கொல்லையில வைக்கோல் மனுசன் ஒண்ணைக் கட்டி வெச்சான், காக்கா வரக்கூடாதுன்னு. சட்டை, தொப்பி எல்லாம் போட்டு. அந்த வழியாப் போன வரி அதிகாரி தூரத்திலேருந்து பாத்துட்டு, ‘உன் நெலத்துல ஒரு ஆள் அதிகமா நிக்கறான், தலைவரி கட்டு’ன்னுட்டான். ‘ஐயா, அது வைக்கோல்’னான் இவன். ‘வைக்கோல் சட்டை போடுமா’ன்னு கேட்டான் அதிகாரி."

"குடியானவன் என்ன செஞ்சான்?"

"வரியைக் கட்டினான். கட்டிட்டுப் பொம்மையப் பிடுங்கிப் போட்டான். அந்த வருசம் பூராச் சோளத்தையும் காக்கா தின்னுது. மறுவருசம் அதிகாரி வந்தப்ப வரி போட அங்க ஒண்ணுமே இல்ல." ஓர்லீன் மடித்த துவாலையைக் கட்டிலில் வைத்தார். "எங்கப்பா இதைச் சிரிக்கச் சிரிக்கச் சொல்லுவாரு."

ஸீமருக்கு அப்போதுதான் கதவின் உட்புறம் ஒட்டியிருந்த காகிதம் கண்ணில் பட்டது. வாரியத்தின் முத்திரை. அடுத்த வாரம் ஆய்வாளர் வருவார் என்ற அறிவிப்பு. எர்லின் மகளும் சீட்டில் குடியிருப்பவள்தான். அந்தச் சீட்டில் ஓர்லீனின் பெயர் இருக்க வழியில்லை.

அவர் பார்வை போன இடத்தை ஓர்லீன் கவனித்துவிட்டார். துணி மடித்த கை நின்றது.

"அன்னிக்கு இல்லாத ஆளை இருக்கான்னு சொன்னீங்க, சார்," என்றார் மெதுவாக. "இன்னிக்கு இருக்கற ஆளைப் பாத்துட்டீங்க. எர்ல் பொண்ணுக்கு ரெண்டு பிள்ளைங்க. என்ன செய்யப் போறீங்க?"

இருபதாண்டு அரசாங்க வேலையில் ஸீமர் கண்ட எதையும் காணவில்லை என்று சொன்னதில்லை. அந்த நேர்மையில் அவருக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. அவர் முக்காலியிலிருந்து எழுந்தார்.

"நான் இங்க யாரையும் பாக்கல, மிஸ் பிக்கெட்."

ஓர்லீன் நன்றி சொல்லவில்லை. பூட்ஸ் பையை எடுத்து அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்தார்.

"இதையும் எடுத்துக்கிட்டுப் போங்க. வாசல்ல வெச்சா உங்க ஆளு பாப்பான். உள்ளே வெச்சா இன்னும் மோசம். சொந்தமா ஒரு வாசல் இருக்கறவங்களுக்குத்தான் இது காவல்."

வெளியே தூறல் விழுந்துகொண்டிருந்தது. படியேறி வந்த ஸீமர் பையைக் கார் இருக்கையில் வைக்கப் போனவர், மனம் வராமல், மார்போடு அணைத்தபடி சற்று நேரம் மழையிலேயே நின்றார். பையின் வாய் திறந்திருந்தது. உள்ளே எர்லின் பூட்ஸ் மெல்ல நனைந்துகொண்டிருந்தது.