அம்பு வீட்டார்

சிங்கப்பூர் ஜாலான் புசாரில் வில், அம்பு விற்கும் கடைக்கு அத்தையைக் கூட்டிப்போனதுதான் நான் செய்த முட்டாள்தனம். அத்தை கல்யாணத் தரகர். செருப்பு வாங்கினாலும் பொருத்தம் பார்ப்பார்.

நான் வில் பழகப் போவது அப்போதுதான் முதல் தடவை. கடைக்காரர் தனபாலன் என் புது மரவில்லை இழுக்கச் சொல்லிக் கை நீளத்தை அளந்தார்.

"புதுசா பழகுறீங்க, அம்பு கொஞ்சம் நீளமாவே இருக்கட்டும். ரொம்ப வெறப்பா இருந்தா பக்கவாட்டுல ஓடிரும் லா. பிளாஸ்டிக் எறகு வேணாம், வில்லுல தட்டும். நெஜ எறகு வச்சது எடுங்க."

"வளைஞ்சு குடுக்கிற குணமா?" என்று கேட்டார் அத்தை.

"தங்கமான குணம். ஆனா வீட்டப் பாக்காம பேச்சே இல்ல."

நான் சிரித்தேன். அவர்கள் சிரிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நல்ல நேரத்தில் தனபாலன் ஃபேரர் பார்க்கிலுள்ள என் வீட்டுக்கு வந்து, மூன்று அம்புகளைச் சோபாவில் சாய்த்து உட்காரவைத்தார். அவற்றுக்கும் கேசரி வைத்தோம். வில்லுக்குப் பூச்சூட்டி நான்தான் அழைத்து வந்தேன். எனக்கே வெட்கமாக இருந்தது.

தனபாலன் குனிந்து அம்புகளிடம் காது கொடுத்தார்.

"வில்லு லட்சணமாத்தான் இருக்கு. ஆனா இந்த ரெண்டு ரூம் வீட்டுல எங்க பறக்கிறதுன்னு கேக்குதுங்க. போய்ட்டுச் சொல்றோம்."

சொல்லவேயில்லை.

அத்தை என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வில்லின் நாணை மெல்லக் கழற்றிவிட்டு, "விடும்மா, ஜூரோங்ல நல்ல இடம் ஒண்ணு இருக்கு" என்றார்.