எங்கேயும் போகாத சைக்கிள்

"எங்கேயும் போகாத சைக்கிளை ரூஃபஸ் அங்கிள் எதுக்குப்பா மிதிக்கிறாரு?" என்று ஸ்ரேயா முன்பொரு நாள் கேட்டாள். "கரண்ட் பில்லுக்குப் பயந்துதான், மிதிச்சே பேட்டரி சார்ஜ் பண்றாரு" என்று அடுத்த வீட்டு ரூஃபஸின் காதில் விழும்படியே சிரித்தார் அவள் அப்பா சுந்தரேசன்.

பிறகொரு நாள் சூறைக்காற்றில் அல்வால் பகுதி முழுக்க மின்சாரம் போய்விட்டது. விழுந்த மரம் தெருவை அடைத்துக்கொண்டது. மூச்சுத் திணறும் மகளையும் நெபுலைசரையும் தூக்கிக்கொண்டு அவர் அந்தச் சைக்கிள் நிற்கும் ரூஃபஸின் ஷெட்டுக்குத்தான் ஓடினார்.

ரூஃபஸ் நெபுலைசரை வாங்கி இன்வெர்ட்டரில் செருகினார். "பேட்டரியில கொஞ்சந்தான் சார் இருக்கு. எனக்கு முட்டி வீங்கியிருக்கு, நீங்க ஏறுங்க."

சுந்தரேசன் வெறிபிடித்தவர்போல் மிதித்தார். பெல்ட் கழன்றது. பேட்டரி தாங்காமல் இன்வெர்ட்டர் அணைந்தது. மருந்துப் புகை நின்றது. ஸ்ரேயாவின் உதடு வெளுத்தது.

"நக்கோ சார், அவசரம் வேணாம்." ரூஃபஸ் பெல்ட்டை மாட்டினார். "பாப்பாவைத் தட்டித் தூங்க வைப்பீங்கல்ல, அந்தச் சீர்ல மிதிங்க."

சுந்தரேசன் மகளின் நெஞ்சையே பார்த்துக்கொண்டு நிதானமாக மிதித்தார். புகை திரும்பியது. வெகுநேரம் கழித்து, நெஞ்சின் விசில் சத்தம் மெல்ல அடங்கியது. பேட்டரியும் தீர்ந்திருந்தது. அன்றிரவு ரூஃபஸ் வீட்டில் மெழுகுவர்த்திதான் எரிந்தது.

ரூஃபஸின் முட்டி வீக்கம் வடியாததால் பேட்டரி காலியாகவே கிடந்தது. ஞாயிற்றுக்கிழமை ரூஃபஸ் குடும்பத்தோடு சர்ச்சுக்குப் போனதும், சுந்தரேசன் ஷெட்டுக்குள் நுழைந்தார். மீட்டர் முள் பச்சைக் கோட்டைத் தொடும்வரை அதே சீரில் மிதித்தார். பிறகு ஹேண்டில்பாரில் படிந்த வியர்வையைத் துண்டால் துடைத்துவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு வீட்டுக்குப் போனார்.