கரும்புக் காட்டு வேலைநிறுத்தம்

மலேசியாவின் லாபு தோட்டத்தில், மோகனாவின் வீட்டுச் சுவரில் தொங்கிய கரீபிய ஓவியத்தில், கரும்பு வெட்டுபவர்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் வேலை செய்வதில்லை. மற்ற நாள்களில், தோட்டத்து ஆள்களை வரிசையில் நிறுத்திப் பெயர் கூப்பிடும் பெரட்டுக்கு விடியலில் மணி அடித்ததும், அவர்களும் வரிசையில் நின்றுவிட்டு வெட்டத் தொடங்குவார்கள். மூலையில் குதிரைமேல் இருக்கும் கங்காணி பார்த்துக்கொண்டிருப்பான். கப்பலில் வேலை செய்த அவள் அண்ணன் அர்ச்சுனன், ஹைத்தியில் வாங்கி வந்த படம் அது. ரப்பர் போய் எண்ணெய்க்கான செம்பனை வந்தது, செம்பனைக்கு வெளிநாட்டு ஆள்கள் வந்தார்கள், அர்ச்சுனன் இறந்தான், படத்தில் மட்டும் அறுவடை முடியவில்லை. தோட்டத்தார் இதை மழை வெயிலைப் போல எடுத்துக்கொண்டார்கள்.

நிலத்தை வாங்கிய வீடமைப்பு நிறுவனம் தொழிலாளர் குடியிருந்த லயங்களை இடிக்க வந்தபோது, மற்றக் குடும்பங்கள் பக்கத்துப் பாரோய் நகருக்குப் போயின. காலமெல்லாம் ரப்பர் பாலுக்கு மரம் வெட்டிய மோகனா மட்டும் அசையவில்லை. பிறந்த மண்ணில் ஒரு மனை கேட்டாள். அது பிச்சையன்று, உரிமை. நிறுவனத்தின் மேலாளர் மகேந்திரனின் கண்ணில் படம் பட்டது. ‘உழைப்பில் மகிழும் கிராமம்’ என்று எழுதி விற்பனைக் கூடத்தில் மாட்டத் தோதானது எனக் கண்டு, அதற்கு மாற்றாகப் பாரோயில் ஓர் அடுக்குமாடி வீடு தருவதாகச் சொன்னார். இடுப்பு வலியும் தனிமையும் சேர்ந்து அவள் உறுதியைத் தளர்த்தியிருந்த நேரம். மதிப்புப் போட்டுப் பார்க்கட்டும் என்றாள்.

சிரம்பானிலிருந்து ஓவிய மதிப்பீட்டாளர் சிவரூபன் வந்தார். துணியின் நெசவையும் வண்ணத்தின் வெடிப்பையும் பூதக்கண்ணாடியால் ஆராய்ந்து, கையொப்பம் உண்மையானது என்றார். மதிப்பைச் சொல்ல அவர் வாய் திறந்ததும், படத்தில் வெட்டுபவர்கள் கத்திகளைப் போட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டார்கள். கங்காணி வாயைத் திறந்து கத்தினான். சத்தம் வெளியே வரவில்லை.

“என்னாம்மா இது? எழுந்து வேலை செய்யச் சொல்லுங்க!” என்று பதறினார் மகேந்திரன்.

“வேலை வாங்க நான் என்னா மண்டோரா? நீங்களே சொல்லிப் பாருங்க லா, தம்பி.”

“உள்ளதைத்தானே நான் எழுத வேணும்,” என்றார் சிவரூபன். “வேலை செய்யிற சனம் எண்டு எப்படி எழுதுறது? வேலைநிறுத்தம் எண்டுதான் போடுவன்.”

“வேலைநிறுத்தத்த எவன்யா வீடு விக்கிற எடத்துல மாட்டுவான்!”

மோகனா சிரித்தாள். அந்தச் சிரிப்பில் அவள் தளர்ச்சி உதிர்ந்தது. “படமும் கெடையாது, பாரோயும் வேணாம். குனிஞ்சது போதும்னு அவங்களே உக்காந்துட்டாங்க. நான் மட்டும் எந்திரிச்சுப் போவனா?”

மறுநாள் வீட்டை இடிக்க மண்வாரி இயந்திரம் வந்தது. ஆண்களும் பெண்களுமாய் ஓவியத்திலிருந்து இறங்கி, வாசலில் அமர்ந்திருந்த மோகனாவின் இரு பக்கமும் உட்கார்ந்தார்கள். ஓட்டுநர் இயந்திரத்தை அணைத்தார். குனிந்தே பழகிய முதுகுகள் நிமிர்ந்து அமர்ந்துவிட்டால், எந்த இயந்திரம் அவற்றின்மேல் ஏறும்? காவலர்கள் பெயர் கேட்டார்கள். வெட்டுபவர்கள் தம் மொழியில் சொன்னார்கள். காவலர்கள் எழுதிக்கொண்டு போனார்கள்.

அவர்களை அசைக்க முடியாமல் நிறுவனம் விட்டுக்கொடுத்தது; அடுத்த ஆண்டு மனை மோகனாவின் பெயருக்கு வந்தது. படத்தில் இப்போது குதிரை மேய்கிறது. கங்காணி தானே கரும்பு வெட்டுகிறான். இறங்கியவர்கள் திரும்பிப் போகவில்லை, மோகனாவோடு தங்கிவிட்டார்கள். லாபு கடைக்காரர் மோகனாவுக்குத் தேயிலையைக் கூடுதலாகக் கட்டிக் கொடுக்கிறார். சீனியை மட்டும் அவர்கள் தொடுவதில்லை.