எண்ணெய்க் கிண்ணத்தில் இரண்டு காளைகள்

இடது கையில் பழங்காசுப் புத்தகத்தின் பழைய பதிப்பு, வலது கையில் புதிய பதிப்பு, நடுவில் தராசு முள்போல நான், மூக்கு நுனிவரை வந்துவிட்ட வியர்வைத் துளி விழலாமா வேண்டாமா என்று என்னைப்போலவே யோசித்துக்கொண்டிருக்கிறது, திருச்சிக் கல்யாண மண்டபம் ஒன்றில் பழங்காசுக் கண்காட்சி, மணமேடையின்மேல் ஜபருல்லா பாயின் புத்தகக் கடை, சார், ரெண்டுலயும் ஒவ்வொண்ணுதான் மிச்சம், சட்டுனு சொல்லுங்க, பின்னாடி ஈரோட்டுக்காரர் நிக்கிறாரு என்று பாய் அவசரப்படுத்துகிறார், திரும்பிப் பார்த்தால் ஈரோட்டுக்காரர் மட்டுமா, கொங்கு நாடே வரிசை கட்டி என் கைகளையே முறைப்பதுபோல இருக்கிறது, பக்கத்தில் சூசைநாதன், பொன்மலைப் பணிமனையில் சேர்ந்த நாளிலிருந்து ஓய்வு பெற்ற நாள்வரை என் சோற்றுப் பாத்திரத்தில் பாதியைத் தின்றவன், புதுசை எடுய்யா, கலர்ப் படம் போட்டிருக்கான்ல, பொண்ணு பாக்க வந்தவன் மாதிரி முழிக்கிறே என்கிறான், அவனுக்குத் தெரியாது, அவன் டீ வாங்கப் போன இடைவெளியில் நான் புதியதைப் பிரித்து, பார்க்கக்கூடாத பக்கத்தைப் பார்த்துவிட்டேன்.

நாங்கள் ஆளுக்கொன்று வாங்குகிற சாதி இல்லை, புத்தகம் என்றால் இருவருக்கும் பொது, தையிலிருந்து ஆடிவரை என் வீட்டில், ஆடியிலிருந்து தைவரை அவன் வீட்டில், ரெண்டு பெண்டாட்டிக்காரன்போல அது மூட்டை கட்டிக்கொண்டு அலையும், அப்படி அலைந்த எங்கள் பழைய பிரதியைத்தான் போன மழைக்காலத்தில் கரையான் பொருளடக்கம் உட்பட எந்தப் பேராசிரியரையும்விட ஆழ்ந்து படித்துத் தின்று முடித்தது, அந்தப் பழைய பதிப்பில்தான் எங்கள் காளைக் காசுகள் இருந்தன, நாயக்கர் காலத்துச் செப்பு, திமில் பெருத்த காளை, மேலே பிறையும் சூரியனும், இடப்பக்கப் படம் என்னுடையது, கரூர் ஆற்று மணலில் சலித்து எடுத்தவனிடம் வாங்கியது, வலப்பக்கப் படம் சூசையுடையது, கும்பகோணத்துப் பழைய பாத்திரக் கடையில் ஓட்டைக் குண்டானுக்குள் கிடந்தது, கீழே ஒரே வரி, அறியப்பட்டவை இவை இரண்டே, இரண்டும் திருச்சியில், அந்த வரிக்குப் பிறகு எங்களுக்கு ஏற்பட்ட மரியாதை இருக்கிறதே, உச்சிப் பிள்ளையாரே நாங்கள் தெருவில் போனால் மலையை விட்டிறங்கி, காசைக் கொஞ்சம் காட்டுங்கப்பா என்று கேட்பார், நாங்களும் இருங்க சாமி, கையைத் துடைச்சுக்கிட்டு வாங்க என்போம், அந்த அளவு.

புதிய பதிப்பிலும் அதே இரண்டு படங்கள், வண்ணத்தில், இடப்பக்கத்தின் கீழே உலகில் இது ஒன்றே என்று போட்டிருக்கிறது, வலப்பக்கத்தின் கீழே பிற்காலத்து வார்ப்பு, போலி, விளிம்பில் மயிரிழையாய் ஒரு கோடு ஓடும், சென்ற பதிப்பில் சேர்த்தது எங்கள் பிழை என்று போட்டிருக்கிறது, படித்ததும் ஐயோ சூசை என்று முதலில் நினைத்தேனா, இல்லை, உலகில் இது ஒன்றே என்பதுதான் தலைக்குள் நாதஸ்வரம் வாசித்தது, மண்டபத்து வாழைமரமெல்லாம் எனக்காகவே கட்டியதாகத் தோன்றியது, அந்த வாசிப்பின் நடுவில்தான் எண்ணெய் வாடை வந்தது, இங்கே ஏது எண்ணெய், அது பொன்மலை ரயில்வே குவார்ட்டர்ஸில் சூசையின் அடுப்படி வாடை.

புத்தகக்காரர்கள் காசுகளைப் படமெடுத்துப் போன மறு வருஷம், காசில் பிடித்த களிம்பு மெல்ல இளகட்டும் என்று, கைக்குழந்தைக்குத் தேய்க்க வேண்டும் என மருந்துக்கடையில் புளுகி ஆலிவ் எண்ணெய் வாங்கி வந்தோம், இரண்டு கிண்ணம் கேட்டால் சூசையின் மனைவி எமல்டா இரண்டு கேள்வி கேட்பாள் என்று ஒரே எவர்சில்வர் கிண்ணத்தில் இரண்டு காளைகளையும் இறக்கினோம், அடையாளம் என்னடா என்று நான் கேட்கிறேன், இதுக்கு என்னய்யா அடையாளம், இடப்பக்கம் உன்னுது, வலப்பக்கம் என்னுது என்கிறான் சூசை, ரயில் எஞ்சினையே பிரித்துப் பூட்டத் தெரிந்த இரண்டு மண்டைகளுக்கும் அது பரம நியாயமாகப் படுகிறது, வட்டக் கிண்ணத்துக்கு ஏது இடம், ஏது வலம், மாதக் கடைசியில் போய் நின்றால் கிண்ணத்தில் எலுமிச்சை ஊறுகாய், காசு எங்கடி, ஜன்னல்ல துடைச்சு வச்சிருக்கேன், சோறு திங்கிற கிண்ணத்துல என்ன கண்றாவி இது என்று எமல்டா கத்துகிறாள், ஜன்னலில் இரண்டு காளைகள் குளித்து முழுகிய இரட்டைப் பிள்ளைகளாய்ப் பளபளக்கின்றன, இதுதான் என்னுது, பெத்தவனுக்குத் தெரியாதா என்று சூசை ஒன்றைப் பட்டென்று எடுத்துக்கொள்கிறான், மிச்சம் இருந்ததை நான் எடுத்துக்கொள்கிறேன், அது இப்போது என் சட்டைப்பையில், நெஞ்சுக்கு நேரே, பழுக்கக் காய்ச்சியதுபோலச் சுடுகிறது.

பழையதை வாங்கினால் இரண்டும் உண்மை, இன்னும் பத்து தை, பத்து ஆடி இப்படியே ஓட்டிவிடலாம், புதியதை வாங்கினால் ஒருவன் போலி, அது அவனாக இருந்தால் அவன் முகத்தை நான் பார்க்க வேண்டும், நானாக இருந்தால் என் முகத்தை அவன் பார்ப்பான், எது கொடுமை என்று தெரியவில்லை, சூசை, புதுசு வேணாம்டா, அட்டை சொத்தை, மை விரல்ல ஒட்டுது, காகிதம் வெத்தலை மாதிரி வாடுது, காளையெல்லாம் கழுதை மாதிரி விழுந்திருக்கு என்று என்னென்னவோ உளறுகிறேன், மாமியா வீட்டுச் சாப்பாட்டுக்குச் சொல்ற குத்தமெல்லாம் புத்தகத்துக்குச் சொல்றியேய்யா, கொடு இப்படி என்று வலது கையிலிருந்ததை அவன் பிடுங்கிக்கொள்கிறான், கழுத்தில் தாலிபோலக் கயிறு கட்டித் தொங்கவிட்டிருக்கும் லென்ஸைக் கண்ணில் வைத்துப் பக்கம் பக்கமாகப் புரட்டுகிறான், சோழன் போகிறான், பாண்டியன் போகிறான், நாயக்கர் வருகிறார்கள், போச்சு, நின்றுவிட்டான், உதடு அசைய அசைய வாசிக்கிறான், வாசித்து முடித்தவன் தன் சட்டைப்பையைத் தொட்டுப் பார்க்கிறான், நானும் என்னுடையதைத் தொடுகிறேன், அவனுக்கும் அந்த ஜன்னல் ஞாபகம் வந்துவிட்டது, பெத்தவனுக்குத் தெரியாதா என்றவன் முகம் அது இல்லை.

எடுய்யா என்கிறான், எதை, காளையை, கொடுக்கிறேன், விளிம்பைப் பார்க்கப்போகிறான், பார்த்துவிட்டான் என்றே என் கண் இருட்டுகிறது, அவன் பார்க்கவில்லை, தன் காசையும் என் காசையும் ஒரே காகித உறைக்குள் போட்டுத் தன் பையில் வைத்துக்கொள்கிறான், புத்தகம் மாதிரி இனிமே காசும் பொது, உன்னுது என்னுதுன்னு கிடையாது, ஆடிவரைக்கும் புத்தகம் உன் வீட்ல, காளை ரெண்டும் என் வீட்ல, ஆடி பொறந்தா மாத்திக்குவோம், புத்தகமும் காசும் ஒரே கூரைக்கடியில படுக்கக் கூடாது, ஆமா என்கிறான், நீ பாக்கமாட்டியாடா என்கிறேன் நான், அவன் புதிய பதிப்பை என் வலது கையில் திருப்பி வைத்துவிட்டு லென்ஸைத் தலைவழியே கழற்றுகிறான், குளிக்கும்போதுகூடக் கழற்றாதவன், என் இடது கையில் இருந்த பழைய பதிப்பை வாங்கி ஈரோட்டுக்காரரிடம் நீட்டிவிட்டு அந்தக் கையில் லென்ஸை வைத்து மூடுகிறான், இதுவும் புத்தகத்தோட சேத்தி, வச்சுக்க, எங்கள் வயதுக் கண்ணுக்கு இது இல்லாமல் மயிரிழை என்ன, தாம்புக்கயிறே தெரியாது, காசைப் பாக்கப் போறதில்லேன்னா புத்தகம் எதுக்கு சார் என்று பாய் தலையைச் சொறிகிறார், படிக்கத்தான் பாய் என்கிறான் சூசை.

இடது கையில் அவன் லென்ஸ், வலது கையில் புதிய பதிப்பு, முள் எந்தப் பக்கமும் சாயாமல் வெயிலில் நடக்கிறேன், முன்னால் சூசை போகிறான், அவன் எட்டு வைக்கும்போதெல்லாம் பைக்குள் இரண்டு காளைகளும் முட்டிக்கொள்கின்றன, வார்ப்புக் காசு மந்தமாய் ஒலிக்கும் என்பார்கள், காதைத் தீட்டிக்கொண்டு அவன் பின்னாலேயே போகிறேன், ஒரே சத்தமாகத்தான் கேட்கிறது.